கண்ணுக்குள் நுழையும் விளக்கு!

கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம், சாமை அறுக்கும்போது தோகை கண்ணில் கீறலாம். வேலி முள் குத்தலாம். புண் முற்றினால் கருவிழி வெளுத்துவிடும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது. இனி அவ்வளவுதான்!" என்பார்கள்.

அவ்வளவுதானா? இல்லை.

கருவிழி, ஜன்னல் கண்ணாடி மாதிரி. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை. நாம் பார்க்கும் உருவம் அதில்தான் விழுகிறது. நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போன்ற கூழ் இருக்கிறது. முள் ஆழமாகப் பாய்ந்தால் கூழில் சீழ் பிடிக்கலாம். விழித்திரை கிழிந்து, சுவரை விட்டுக் கழன்றுவிடலாம். டாக்டர் உள்ளே பார்த்தால்தானே சரிசெய்ய முடியும்? ஜன்னலோ வெளுத்துக் கிடக்கிறது!

அதனால் பக்கவாட்டில் நுழைகிறார்கள்.

கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் துளை போடுகிறார்கள். அதில் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாயை விடுகிறார்கள். இதுதான் எண்டோஸ்கோப். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயின் குட்டித் தம்பி! முனையில் வெளிச்சம் வரும். உள்ளே இருப்பது டெலிவிஷன் திரையில் தெரியும். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, இன்னொரு துளை வழியாகச் சீழ் பிடித்த கூழை வெட்டி உறிஞ்சுகிறார். கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியால் சுட்டு ஒட்டுகிறார்.

1934-ல் அமெரிக்க டாக்டர் தார்ப் இந்த வகைக் கருவியைச் செய்தார். அது பருமனானது. இப்போது ஊசி அளவுக்கு இளைத்துவிட்டது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவன டாக்டர்கள், கருவிழி வெளுத்து உள்ளே சீழ் பிடித்த கண்களுக்கு இம்முறையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள்.

சங்கடமும் உண்டு. படம் தட்டையாகத் தெரியும், ஆழம் பிடிபடாது. பழகிய கை வேண்டும். எல்லாக் கண்ணும் பிழைக்காது. விழித்திரை செத்திருந்தால் அதையும் இக்கருவியே சொல்லிவிடும். வீணாகக் கருவிழி மாற்றும் ஆபரேஷன் மிச்சம்!

முள் குத்தினால் பிடுங்காதீர்கள். தேய்க்காதீர்கள். இலைச்சாறு, தாய்ப்பால் விடாதீர்கள். மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரெனப் பறந்தாலோ, திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்தாலோ, அன்றைக்கே மலை இறங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.

மாவட்டந்தோறும் இந்தக் கருவி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது வீண் செலவு. ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று மலைவாசிக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். சீட்டு எழுதி, பஸ் செலவும் கொடுத்து அனுப்ப வேண்டும். இதைச் சர்க்கார் செய்யலாமே!