மகேந்திரகிரி தெரிகிறது, வழி தெரிய வேண்டாமா?

ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு நோக்கிப் பேருந்து போகும்போது இடப்பக்கம் மகேந்திரகிரி தெரியும். ராக்கெட்டின் திரவ எரிபொருள் என்ஜின்களும் கிரையோஜெனிக் என்ஜின்களும் சோதிக்கப்படும் இஸ்ரோ உந்துவிசை வளாகம் அங்கேதான் இருக்கிறது. அரசுக் கணக்கில் அது திருநெல்வேலி மாவட்டம் என்றாலும் தோவாளைக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு. மேற்கே போனால் திருவனந்தபுரத்தில் தும்பாவும் வலியமலையும். இந்திய விண்வெளித் துறையின் இரண்டு முற்றங்களுக்கு நடுவே நாம் குடியிருக்கிறோம்.

நம் தலித் குடியிருப்புகளில் இருந்தும் அந்த மலைக்குப் போனவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்தவர்களில் அதிகம் பேர் ஒப்பந்ததாரர் வழியாகக் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனவர்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகள் பி.இ. முடித்துவிட்டு, மேலே என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்று கேட்க ஆளில்லாமல் நிற்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. (இஸ்ரோவில் புதிதாகச் சேரும் பொறியாளரின் பதவிப் பெயர் 'விஞ்ஞானி/பொறியாளர் எஸ்.சி.' என்பது பலருக்குத் தெரியாது. அது சாதியல்ல, ஊதியப் படிநிலை. அந்த எஸ்.சி.யில் நம் எஸ்.சி. பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே நம் கேள்வி.)

இஸ்ரோவின் தலைவர்களாக வந்த இருவர் இந்த மாவட்டத்துக்காரர்கள். மேலசரக்கல்விளை கே. சிவன் தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தார். நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் முடித்து, சென்னை எம்.ஐ.டி.யில் 1980இல் விமானப் பொறியியல் பட்டமும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1982இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியது 2006இல், பணியில் இருந்துகொண்டே. மேலக்காட்டுவிளை வி. நாராயணன் டிப்ளமோவில் தொடங்கியவர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஏ.எம்.ஐ.இ. தேர்ச்சி, 1989இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்., 2001இல் அங்கேயே விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டம் என்று ஏறினார். 2025 ஜனவரியில் தலைவரானார். கோணம் பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கதையின் பின்பாதியைவிட முன்பாதியைக் கவனிக்க வேண்டும்.

சரி, இன்று என்ன வேண்டும்? முதலில் ஒரு தவறான எண்ணத்தை விடுவோம். விண்வெளிப் பொறியியலில் எம்.டெக். படிக்க, பி.இ.யிலும் விமானப் பொறியியல்தான் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கல் படித்தவர்களைப் பெரும்பாலான துறைகள் ஏற்கின்றன. சில இடங்களில் சிவில், எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. நிலத்தை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் 'ஏரோ' சேர்ந்தால்தான் ராக்கெட் என்று முகவர்கள் சொல்வதை நம்பிக் கடன்பட்ட குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். கோணம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலை நன்றாகப் படித்தவருக்கும் அந்தக் கதவு திறக்கும்.

பட்டத்தில் பொதுவாக 60 விழுக்காடு கேட்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பல இடங்களில் 55 போதும். அடுத்தது கேட் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பொதுத்திறனுக்கு 15. விண்வெளித் தாளில் கணிதம், பறத்தல் இயக்கவியல், காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துவிசை ஆகியவை வரும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. மத்திய நிறுவனங்களில் இடஒதுக்கீடு பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5. கேட் வழியே எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதி குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போகும் வழியும் இருக்கிறது. அங்கே பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. இடறுவது வேறு இடத்தில்.

கேட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. பன்னிரண்டு வரை தமிழில் படித்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கேள்வியின் வாக்கியம் தெரியாது. நகரத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்ட வேண்டிய பணம் நம் வீட்டு ஆண்டு வருமானத்தைத் தின்றுவிடும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை வேளையில், தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் பயிற்சி தரும் கேட் வகுப்பு நடத்த மாவட்ட நிர்வாகத்துக்கு எது தடை? கட்டடம் இருக்கிறது. பாடம் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நாகர்கோவிலிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது சான்றிதழ். 1956 வரை நாம் திருவிதாங்கூரில் இருந்ததால் நம் பட்டியலே தனி. வண்ணார் சமூகம் இங்கேயும் செங்கோட்டைப் பகுதியிலும்தான் பட்டியல் சாதி, மற்ற மாவட்டங்களில் இல்லை. வெளிமாநில அலுவலர் இதைப் பார்த்துச் சந்தேகம் கிளப்பினால் பிள்ளை என்ன செய்வான்? கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அவர்கள் பட்டியலுக்கு வெளியே, பிற்படுத்தப்பட்டோர் கணக்கில். கேட் கட்டணத்தில் பாதி என்ற சலுகை அவர்களின் ஆண் பிள்ளைகளுக்குக் கிடையாது. தகுதி மதிப்பெண்ணில் கிடைக்கும் தளர்வு பத்தில் ஒரு பங்குதான். தெரு ஒன்று, தீண்டாமை ஒன்று, சான்றிதழ் மட்டும் இரண்டு. 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் வேலையே இதை ஆராய்வதுதான்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விண்வெளிப் பொறியியல் படிக்கலாம். ஆனால் ராக்கெட் தொழில்நுட்பம் அங்கே ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவதால், குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவருக்கு அந்த நிறுவனங்களில் வேலை கிடைப்பது அரிது. கடன் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். ஜூலையிலேயே இ-சேவை மையத்தில் சாதிச் சான்றைச் சரிபார்த்து, பெயரின் எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். எம்.டெக். இடம் கிடைத்ததும் அதை உறுதிசெய்யச் சில நாட்களுக்குள் முன்பணம் கேட்பார்கள். உதவித்தொகை கைக்கு வருவதோ சேர்ந்த பிறகு. அந்த இடைவெளிக்கான பணத்துக்குத்தான் நம் பிள்ளைகள் வட்டிக்காரரிடம் போகிறார்கள். அந்த முன்பணத்தை தாட்கோ உடனடிக் கடனாகத் தர வேண்டும் என்று வரும் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்க இருக்கிறோம். கையெழுத்திட விரும்பும் மாணவர்கள் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஆட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள், சான்றிதழ் நகலோடு.