மூச்சுத் திணறும் நதிகள்

1858ஆம் ஆண்டின் கோடையில், பிரித்தானியப் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். தேம்ஸ் நதியிலிருந்து எழுந்த மலநாற்றம் அப்படி. ஏழைகள் வாந்திபேதியால் மடிந்தபோது ஆண்டுக்கணக்கில் தயங்கிய ஆட்சியாளர், நாற்றம் தமது மூக்கை எட்டியதும் சில வாரங்களிலேயே சட்டமியற்றினர். நிலக்கீழ்க் கால்வாய்கள் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றன. நகரம் பிழைத்தது, நதி பிழைக்கவில்லை. 1957இல் தேம்ஸின் கீழ்ப்பகுதி உயிரியல் ரீதியில் இறந்துவிட்டதென்றே விஞ்ஞானிகள் கருதினர்.

நதியைக் கொல்வது நஞ்சு மட்டுமன்று. மலக்கழிவு நீரில் கலந்ததும் அதனை உண்ணும் பற்றீரியாக்கள் பெருகி, கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்தபின், அது இன்றி வாழும் பற்றீரியாக்கள் ஆட்சிக்கு வருகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவரிசையே.

ஆற்றில் விடக்கூடிய கழிவுநீருக்கு 1912இல் பிரித்தானிய ஆணைக்குழுவொன்று அளவுகோல் வகுத்தது. ஒரு லீற்றர் கழிவுநீர் ஐந்து நாட்களில் உறிஞ்சும் ஒட்சிசன் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதனை எட்டு மடங்கு ஆற்றுநீராவது ஏற்கவேண்டும். குளிர்தேசத்து நதிகளுக்கு வகுத்த கணக்கு இது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரையே. வெப்பம் கூடினால் பற்றீரியாக்களின் பசியும் கூடும். ஆகவே, தேம்ஸ் தாங்கக்கூடிய கழிவை எமது களனி கங்கை தாங்காது. வரட்சிக் காலத்தில், கடலின் உவர்நீர் மேலேறுமளவுக்கு அதன் நீரோட்டம் மெலிந்துவிடுகிறது. அப்போது எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது?

கொழும்பு மாநகரின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையில் இந்நதியிலிருந்தே பெறப்படுகிறது. குளோரின் இட்டுக் குழாய்நீரின் கிருமிகளைக் கொல்லலாம். நதிக்கு அதன் மூச்சைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கழிவுக் குழாயின் வாயில் மட்டும் அளந்தாற் போதாது. ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் விடியற்பொழுதில், வரட்சி மாதங்களில் நதியையே அளந்து, பெறுபேறுகளை மக்கள் முன் வைக்கவேண்டும்.

சுத்திகரிப்பு நிலையங்கள் திருத்தப்பட்டபின் தேம்ஸில் மீன்கள் திரும்பின. 1974இல் சல்மனும் கிடைத்தது. ஆயினும் மழைக்காலத்தில் வழிந்தோடும் கழிவைத் தடுக்க, 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றை 2025இல்தான் முழுமையாக இயக்க முடிந்தது. இறந்த நதியை எழுப்ப ஒரு செல்வந்த நாட்டுக்கே இத்தனை காலம் பிடித்தது. உயிரோடிருக்கும் நதியைக் காப்பது எவ்வளவோ மலிவு. நாற்றம் எமது பாராளுமன்றத்தை எட்டும்வரை காத்திருக்கப்போகிறோமா?