தள்ளுபடி இரைச்சலில் தொலையும் தீபாவளி மலர்கள்

தீபாவளி நெருங்கினால் ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில் கூட்டம் பெருகும்; கைப்பேசித் திரையில் புடவைத் தள்ளுபடியும் முறுக்கு விலையும் வரிசை கட்டும். கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, இந்தச் சில வாரங்களையே நம்பியிருக்கும் சிறு வணிகர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த மண்ணின் தீபாவளியைப் பற்றி அறிய இணையத்தைத் திறக்கும் பிள்ளைக்கு விலைப்பட்டியல்தான் முதலில் கிடைக்கிறது. இதற்கு வணிகர்கள் பொறுப்பல்ல. இணையத்தில் வேறெதையும் வைக்கத் தவறிய நாம்தான் பொறுப்பு.

வைப்பதற்கு நம்மிடம் இருக்கிறது. 1924இல் பிறந்த தமிழ் நேசன் உட்பட இந்நாட்டு ஏடுகள் வெளியிட்ட தீபாவளி மலர்களில் தோட்டத்து வாழ்க்கை சிறுகதையாகவும் கவிதையாகவும் பதிவாகியிருக்கிறது. அந்த மலர்களையும் விளம்பரக் காசுதான் அச்சேற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அன்று விளம்பரம் கதையைச் சுமந்தது. இன்று கதை போய் விளம்பரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பழைய விளம்பரங்களே இப்போது வரலாறுதான்: எந்த ஊரில் எந்தக் கடை இருந்தது, மக்கள் எதை வாங்கினார்கள் என்பதற்கு அவை சாட்சி.

தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் பழைய மலர்கள் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் மட்கிக்கொண்டிருக்கின்றனவோ! செய்தித்தாள் காகிதத்தில் மரத்தின் லிக்னின் நீங்காமல் தங்கிவிடுவதால் அது பழுத்து நொறுங்கும். நம் ஊர் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு வெளியீடுகளில் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குச் சேர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கோலாலம்பூர் அலமாரியில் இருப்பது குளுவாங் மாணவிக்கு எப்படி எட்டும்?

பாலத்துக்கு அப்பால் பாருங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவாக்கியிருக்கிறது. அந்த ஏட்டைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1952இல் முன்னெடுத்த தமிழர் திருநாள், பொங்கலை மொழிக்கும் கலைக்குமான விழாவாகவே இரு கரையிலும் வளர்த்தது. கணினித் தமிழும் அந்த வழியில்தான் வந்தது. உலகத் தமிழர் தொண்டுழைப்பில் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. 1985லேயே முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனின் கைப்பேசித் தமிழ்ச் செயலியான செல்லினம், 2005 பொங்கலன்று வெளிவந்தது. பண்டிகை நாளில் தமிழுக்கு ஒரு கருவியைக் கொடையாகத் தரும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே ஜொகூர் பொது நூலகக் கழகத்திடம் ஒன்று கேட்கிறோம். பண்டிகை என்றால் கோலமிட்டுப் படமெடுத்துப் பதிவேற்றுவதோடு நூலகத்தின் வேலை முடிந்துவிடக் கூடாது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் ஒவ்வொரு கிளையிலும் ஒரு வருடியும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். மக்கள் கொண்டுவரும் மலர்களைப் படியெடுத்துவிட்டு அவர்களிடமே திருப்பித் தரலாம். முதலில் கதைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் கொண்ட அட்டவணை இணையத்தில் ஏறினாலே ஆய்வு மாணவர்களுக்குப் பாதி வழி திறந்துவிடும். பதிப்புரிமையைக் காட்டித் தயங்கத் தேவையில்லை. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் கடந்தால் அவர் எழுத்து பொதுவுடைமை. மற்றவற்றுக்கு உரியவர்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறலாம். வருடியின் விலை ஒரு விழா மேடையின் அலங்காரச் செலவைத் தாண்டாது. இதற்கு நிதி இல்லை என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய மலர் ஏதேனும் கையில் கிடைத்தால் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டையையும் பொருளடக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, மலரை அருகிலுள்ள நூலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வாங்க மறுத்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.