பின்னிருக்கையும் முன்னிருக்கையும்

வெவ்வேறு காலத்தில் பிறந்து, ஒரே ஆண்டில் உற்பத்தி நின்றுபோன மகிழுந்துகள் இரண்டு உள. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 2014 ஜனவரியில் நின்றது. 1957-இல் உற்பத்தி தொடங்கிய அம்பாசடர், அதே 2014 மே மாதத்தில் நின்றது. இவற்றுள் சிறந்தது எது என்னும் பேச்சு எழும்போதெல்லாம், அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அம்பாசடருக்கே பெரியோர் பலர் முடிசூட்டுகின்றனர். நீண்ட ஆயுள் ஒன்றே சிறப்புக்குச் சான்றாகுமா?

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தின் வழிவந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனை உருவாக்கியது. பிறந்த நாட்டில் அவ்வடிவம் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தது. இங்கே அதனைக் காத்தது அரசின் உரிமமுறை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே அரசு வரையறுத்த காலம் அது. பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை விட்டால் வேறு போட்டி இல்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்க்குத் தேர்வுரிமை ஏது? அம்பாசடரை மக்கள் தேர்ந்தெடுத்தனர் என்பதினும், வேறு வழியின்றி ஏற்றனர் என்பதே பொருந்தும்.

எனினும் அதன் நற்பண்புகளை மறைத்தல் நேர்மையன்று. கியர்த்தண்டு ஸ்டியரிங்கோடு இணைந்திருந்தமையால் முன்னிருக்கையிலும் மூவர் அமரலாம். குண்டுங்குழியுமான சாலையை அது பொருட்படுத்தாது. எந்தச் சிற்றூரிலும் மெக்கானிக் ஒருவர் சில ஸ்பானர்களைக் கொண்டே அதனை மீண்டும் ஓடச் செய்துவிடுவார். ஆனால் அடிக்கடி அவரைத் தேடிச் செல்ல நேர்ந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். கனத்த ஸ்டியரிங், கனத்த கிளட்ச், ஓயாத பராமரிப்பு ஆகியவற்றால் வசதியுள்ளோர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டனர். உரிமையாளர் பின்னிருக்கைக்குச் சென்றார். அமைச்சரும் ஆட்சியரும் வெண்ணிற அம்பாசடரின் பின்னிருக்கையில் வந்திறங்கியபோது, அந்த இருக்கையே பதவியின் அடையாளமாயிற்று. (முந்தைய தலைமுறையினர் எந்தக் காரையும் ‘பிளஷர்’ என்றே அழைத்தனர். அந்த இன்பம் பின்னால் இருந்தவர்க்கு மட்டுமே போலும்!)

இந்த வழக்கத்தை மாற்றியது மாருதி. 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜின், முன்சக்கர இயக்கம், அம்பாசடரின் எடையில் ஏறத்தாழப் பாதி. ‘தகர டப்பா’ என்று எள்ளினர். அந்த எளிமையான எடைதான் எரிபொருளை மிச்சப்படுத்தியது, கிளட்சையும் இலகுவாக்கியது. தொடக்கத்தில் இதற்கும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. வண்டி கைக்கு வந்தபின், எழுத்தரும் ஆசிரியரும் தாமே ஓட்டினர். அதனினும் பெரிது, பின்னிருக்கையே தமக்குரியது என்றிருந்த பெண்கள் பலர் சாவியைக் கையில் எடுத்தமை. ஒரு பெண் தன் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, ஓட்டுநர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைக் குதிரைத்திறன் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

பாதுகாப்பை அளவுகோலாகக் கொண்டால் மாருதியைப் புகழ இயலாது; காற்றுப்பைகள் கூட அதில் இல்லை. ஓட்டுநர் சிலரின் பிழைப்பை அது குறைத்திருக்கவும் கூடும். இவற்றை எண்ணிப் பார்த்த பின்னும் முதலிடத்தை மாருதிக்கே தருவேன். பாட்டி முதல் பேரன்வரை எண்மர் ஒரே வண்டியில் திருமணத்திற்குப் புறப்படும் நாளன்று மட்டும் என் வாக்கு அம்பாசடருக்கு.