சித்திரப் புதினங்களும் மறுபடைப்புப் பெறும் தேவதைக் கதைகளும்

படத்தோடு கதை படிப்பது சிறுவர்க்கு உரியது என்றும், பழங்கதையை மாற்றி எழுதுவது மூலத்திற்கு இழைக்கும் தீங்கு என்றும் கற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. இவ்விரண்டும் மறு ஆய்வுக்கு உரியன என்பது ஒரு வாசகன் என்ற முறையில் என் எண்ணம். ஒரு கதை மாற்றப்பட்டதா என்று கேட்பதை விட, அம்மாற்றம் யார் பக்கம் நின்றது என்று கேட்பதே தகும்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர் தம் கதைத் தொகுப்பின் முதற் பகுதியை 1812இல் வெளியிட்டனர். அதில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் அவளைப் பெற்ற தாயே ஆவாள். 1819ஆம் ஆண்டுப் பதிப்பிலோ தாய் இறந்துபட, மாற்றாந்தாய் அவ்விடத்தில் அமர்த்தப்படுகிறாள். தாய்மையின் பெருமை காக்கப்பட்டது. ஆயின் அப்பழி மாற்றாந்தாயர் அனைவர் தலையிலும் ஏறியது. நாம் மூலம் எனப் போற்றுவதே திருத்தப்பட்ட வடிவந்தான்.

அலாவுதீன் கதையின் வரலாறும் இத்தகையதே. 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலைப் பிரெஞ்சு மொழியில் தந்த அந்துவான் கலான், அக்கதையை 1709இல் பாரிசில், அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாபின் வாய்மொழியாகவே பெற்றார். வாயினின்று வாய்க்குச் செல்லும் கதை சொல்பவர்க்கேற்ப மாறுவது இயல்பு.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட 'நீலத்தாடி' கதையில், மனைவியரைக் கொல்லும் கணவனிடமிருந்து நாயகியைக் காப்பவர்கள் அவள் உடன்பிறந்த ஆடவர். ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் இக்கதையை மீண்டும் எழுதியபோது, குதிரையேறித் துப்பாக்கியுடன் வந்து மகளை மீட்பவளாகத் தாயைப் படைத்தார். பழங்கதை எண்ணிப் பாராத ஒருத்திக்கு இங்கே இடம் கிடைக்கிறது. புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அகலிகைக்குச் செய்ததும் இதுவன்றோ! நல்லவரைத் தீயவராகவும் தீயவரை நல்லவராகவும் மாற்றிவிட்டால் மட்டும் அது மறுபடைப்பாகிவிடாது. மூலம் விடையளிக்காத ஒரு வினாவை எழுப்ப வேண்டும்.

இனி, சித்திரப் புதினத்தைக் காண்போம். அமெரிக்கரான ஆர்ட் ஸ்பீகல்மன், நாஜிகளின் வதை முகாமிலிருந்து உயிர் தப்பிய தம் தந்தையின் வரலாற்றை 'மௌஸ்' என்னும் நூலாக, 1986இலும் 1991இலும் இரு பகுதிகளில் வெளியிட்டார். யூதர் எலிகள், ஜெர்மானியர் பூனைகள். குழந்தைகளுக்குச் சொல்லும் விலங்குக் கதையின் உருவிலேயே பெருந்துயரம் வந்து நிற்கிறது. தந்தை போலந்துக்காரராக வேடமிட்டு நடக்கையில், முகமூடியைப் பிணித்த கயிறு நம் கண்ணுக்குப் புலனாகிறது. அச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே அச்சம் உணர்த்தப்படுகிறது. இந்நூல் 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. எனினும், 2022 ஜனவரியில் டென்னசி மாநிலத்தின் மெக்மின் வட்டாரக் கல்விக்குழு, தகாத சொற்களையும் ஆடையற்ற ஓர் உருவத்தையும் காரணம் காட்டி, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இதனை நீக்கியது. உலகறிந்த கொடுமையைக் கூறும் நூலில் அவர்தம் கண்ணிற்பட்டது இவ்வளவே!

ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு பகுதிகளாக வந்தது. கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்களில் அமைந்தது. 1980இல் பள்ளிச் சிறுமியர்க்கு முக்காடு கட்டாயமாக்கப்பட்டதை அதன் முதல் இயல் பேசுகிறது. முக்காட்டைத் தம் விருப்பத்தால் ஏற்ற நம் மாணவியர் சிலர்க்கு அந்நூலாசிரியரின் நோக்கு ஏற்புடையதாக இராமற் போகலாம். அவர்கள் மறுத்து எழுதட்டும்; அம்மறுப்பு தமிழுக்கு வளம் சேர்க்கும். ஆயின் மறுப்பதற்கேனும் முதலில் படித்தல் வேண்டும்.

இளையோர் கையில் எந்நூல் சேருமோ என அஞ்சும் பெரியோரின் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. அக்கவலைக்கு மருந்து, நூலைப் பூட்டி வைப்பதன்று. மாணவரோடு ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து படித்து உரையாடுவதே. கல்லூரி நூலகங்களில் காப்பியங்கள் இருக்கும் அறையிலேயே இந்நூல்களுக்கும் ஓர் அலமாரி அமைய வேண்டும். பாட்டி சொன்ன கதையைப் பேத்தி மாற்றிச் சொல்லும்போது, 'ஏன் மாற்றினாய்?' என்று அன்போடு கேட்கும் சமுதாயத்திலேயே இலக்கியம் தழைக்கும்.