ஷட்டவுன் அன்று தெரியாத கோளாறு

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மின்தடை என்று பேப்பரில் வந்தால், திண்டுக்கல்லில் முந்தின இரவே தொட்டியை நிரப்பிவிடுவோம். துணை மின்நிலையத்தில் அன்று போல்ட்டுகளை முடுக்குவார்கள், இன்சுலேட்டர்களைத் துடைப்பார்கள். தேவையான வேலைதான். ஆனால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்கியர் பேனலுக்குள் வளரும் ஒரு கோளாறு, மின்னழுத்தம் இருக்கும்போது மட்டுமே தலைகாட்டும். பகுதி மின்னிறக்கம் என்பது அதன் பெயர். ஷட்டவுன் நாளில் அது வாயே திறக்காது.

காப்புப் பொருளுக்குள் சிறு காற்றுக்குமிழி இருந்தாலோ, மேற்பரப்பில் தூசும் ஈரமும் படிந்தாலோ அங்கே நுண்பொறிகள் தெறிக்கும். பிரேக்கர் விழாது, விளக்கும் மங்காது. ஓசோனும் நைட்ரிக் அமிலமும் உண்டாகிக் காப்பை மெல்ல அரிக்கும். முற்றினால் பேனலே வெடிக்கலாம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத்தூசுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துக்கும்.

ஒவ்வொரு பொறியும் வானொலி அலையை வீசுகிறது. அதை ஆன்டெனாவால் கேட்கும் முறையை ஸ்காட்லாந்தின் டோர்னஸ் அணுமின் நிலையத்தில் 1980-களிலேயே பயன்படுத்தினார்கள். கொடை எஃப்.எம். ஒலிப்பது 100.5 மெகாஹெர்ட்ஸில், இந்த ஆன்டெனா காது வைப்பது 300 முதல் 3,000 வரை. சிக்கலும் அங்கேதான். 900-லும் 1,800-லும் செல்போன் கோபுரங்கள் இரைகின்றன. 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே 25 செ.மீ.; பேனலுக்குள் அவ்வளவு நீளக் கம்பியை நீட்டுவது ஆபத்து. அதனால் தகட்டில் சுருளாகவும் மடிப்பு மடிப்பாகவும் வரைந்து ஆன்டெனாவைச் சுருக்குகிறார்கள். வெளியிலிருந்து கேட்பதானால் கதவிடுக்கும் பார்வைக் கண்ணாடியும்தான் வழி. இரும்புத் தகடு அலையை விடாது.

2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல் திருச்சி சாலையில் தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்தார்கள். மின்கசிவு என்று அப்போது சந்தேகித்தார்கள். சாதாரண வயரிங் கோளாறை இந்த ஆன்டெனா பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தீக்குப் பிறகு யார் பொறுப்பு என்று தேடும் பழக்கம் எல்லாவற்றுக்கும் பொது.

அதுவரை காத்திராமல், ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) இணைப்புள்ள ஆலைகள் கூட்டாக இந்த ஆன்டெனா கொண்ட ஒரு கருவி வாங்கிச் சுற்றுக்கு விடலாம். ஆன்டெனா வடிவமைப்பை நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாம். ஒருமுறை அளந்தால் போதாது. அளவு ஏறுகிறதா என்பதே முக்கியம். எனவே அளவீடுகளை மறைக்காமல் மின்வாரியத்திடமும் மின் ஆய்வாளரிடமும் கொடுக்க வேண்டும். கோளாறைச் சொன்ன ஆலைக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பாமல், சரிசெய்ய அவகாசம் தருவது அவர்கள் பங்கு. அடுத்த ஐப்பசிக்குள் ஆலை உரிமையாளர்கள் இதற்காக ஒரு கூட்டம் போடட்டும்.