ஊர்ச் சாலையில் வண்டி எண்ணுவது எந்த மாதம்? விவசாயிகள் கேட்க வேண்டிய கேள்வி

எம்.ரெட்டியபட்டி, பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி பக்கத்து மானாவாரி விவசாயிகளுக்குச் சாலை முழுப் பாரம் சுமப்பது தை முதல் சித்திரை வரைதான். மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்து முதலில் வெளியேறும். பின்னாலேயே மிளகாய் வத்தலும் பருத்தியும் கிளம்பும். டிராக்டர் டிரெய்லர், குட்டி யானை, ஷேர் ஆட்டோ என்று கிடைத்த வண்டியில் மூட்டை ஏறும். ஆடி, ஆவணியில் அதே சாலையில் டவுன் பஸ்ஸும் சில பைக்குகளும் மட்டுமே போய் வரும்.

வாகனக் கணக்கு எடுக்க வருபவர்கள் இந்த இரண்டு காலத்தில் எப்போது வருகிறார்கள்? உங்கள் சாலையின் அகலத்தையும் கனத்தையும் முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டின் போக்குவரத்துப் புள்ளிவிவரம் எப்படித் திரட்டப்படுகிறது, அதில் நம் சுமை எங்கே விடுபடுகிறது, அதைச் சேர்க்க நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நாட்டுக் கணக்கை எடுப்பது யார்?

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலை அமைச்சகத்தில் போக்குவரத்து ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சாலைகளின் நீளம், பதிவான வாகனங்கள், சாலை விபத்துகள் ஆகிய மூன்றைப் பற்றியும் இந்தப் பிரிவு தனித்தனி அறிக்கை வெளியிடுகிறது. அறிக்கைகள் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

இந்தப் பிரிவின் ஆட்கள் ஊர் ஊராக வந்து எண்ணுவதில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, நகராட்சிகள், காவல் துறை, போக்குவரத்துத் துறை ஆகியவை அனுப்பும் எண்களைக் கூட்டித்தான் நாட்டுக் கணக்கு உருவாகிறது. அதனால் கீழே விடுபட்ட எண் மேலேயும் விடுபட்டுத்தான் இருக்கும். ஒரு துறை தாமதித்தால் மொத்த அறிக்கையும் தாமதமாகும்.

இந்தக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 63 லட்சம் கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதில் பத்தில் ஏழு பங்கு கிராமச் சாலை. தேசிய நெடுஞ்சாலை சுமார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்தான். ஆனால் எந்தச் சாலையில் எவ்வளவு வண்டி ஓடுகிறது என்று பார்த்தால், விவரம் அதிகம் இருப்பது தேசிய நெடுஞ்சாலைக்குத்தான்.

இதற்குக் காரணம் எளிது. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் சுங்கச்சாவடிகளைக் கடக்கும் வண்டிகள் பாஸ்டேக் மூலம் தானாகவே பதிவாகின்றன. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். பகலும் இரவும் வருஷம் முழுக்க எண்ணிக்கை கிடைக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் அப்படி எதுவும் இல்லை. அங்கே ஆள் உட்கார்ந்து எண்ணினால்தான் கணக்கு வரும்.

நம் சுமை ஏன் தெரிவதில்லை?

சரக்குப் போக்குவரத்தை அளக்க அரசிடம் உள்ள இன்னொரு கருவி இ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சரக்கு ஏற்றினால் வண்டி எண், புறப்படும் இடம், சேரும் இடம் எல்லாம் அதில் பதிவாகும்.

தக்காளி, கத்தரி, வெங்காயம் போன்ற ஜி.எஸ்.டி. இல்லாத பொருள்களுக்கு இந்த பில் தேவையில்லை. சொந்த விளைச்சலை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவும் வேண்டியதில்லை. இது நமக்குச் சலுகை, வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் விளைவாக, காட்டிலிருந்து கமிஷன் கடை வரை போகும் முதல் பயணம் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வியாபாரி லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பும்போதுதான் அதே சரக்கு கணக்குக்குள் வருகிறது.

வாகனப் பதிவுக் கணக்கிலும் இதுபோன்ற குறை உண்டு. 'வாகன்' தளத்தில் விவசாய டிராக்டர், விவசாய டிரெய்லர் எத்தனை பதிவாகியுள்ளன என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வண்டி எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது என்பதை அது சொல்லும். எந்தச் சாலையில், எந்த மாதம், எத்தனை நடை ஓடியது என்பதைச் சொல்லாது.

ரயில் நிலைமையும் இதுதான். ரயில்வேயில் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் ரசீது இருப்பதால் அதன் சரக்குக் கணக்கு வலுவானது. ஆனால் ரயிலில் ஏற வாய்ப்பே இல்லாத சரக்கு அதில் தெரியாது. மதுரை – அருப்புக்கோட்டை – தூத்துக்குடி புதிய பாதை 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. தூத்துக்குடி முனையில் மீளவிட்டான் – மேல்மருதூர் பகுதியில் பாதை போடப்பட்டது. மீதித் திட்டம் கைவிடப்பட்டதா என்ற குழப்பம் 2025 ஜனவரியில் எழுந்து, ரயில்வே விளக்கம் தர வேண்டியிருந்தது. புதிய பாதைக்கு எவ்வளவு பயணிகளும் சரக்கும் வரும் என்ற மதிப்பீடு இத்தகைய முடிவுகளில் முக்கிய இடம் பெறுகிறது. கணக்கில் வராத மூட்டையை அந்த மதிப்பீட்டில் யாரும் சேர்க்க முடியாது.

விதி நம் பக்கம்தான் இருக்கிறது

சாலைக்கான தொழில்நுட்ப விதிகளை வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ். பெயரைப் பார்த்துக் கட்சி என்று நினைக்க வேண்டாம். 1934இல் தொடங்கிய சாலைப் பொறியாளர்களின் அமைப்பு இது. ஊர்ப்புறச் சாலைகளில் வாகனக் கணக்கு எடுப்பது எப்படி என்று 1972இலேயே இது வழிகாட்டி நூல் (ஐ.ஆர்.சி. 9) வெளியிட்டது.

அதன்படி வருஷத்துக்கு இரண்டு முறையாவது எண்ண வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏழு நாள், ஒரு நாளைக்கு 24 மணி நேரம். இரண்டில் ஒன்று அறுவடையும் விற்பனையும் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் நடக்க வேண்டும், மற்றொன்று வேலை குறைந்த பருவத்தில். அறுவடைக் காலத்தை விட்டுவிட்டால் கிராமச் சாலையின் கணக்கு தப்பாகிவிடும் என்பது பொறியாளர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

வண்டிகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாலையில் பிடிக்கும் இடத்தையும் வேகத்தையும் வைத்து ஒவ்வொரு வண்டியையும் 'கார் அலகு' என்ற கணக்குக்கு மாற்றுவார்கள். 1990ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி (ஐ.ஆர்.சி. 64) ஊர்ப்புறச் சாலையில் இந்த அளவுகள்:

பைக்: 0.5
கார்: 1
லாரி, பஸ்: 3
விவசாய டிராக்டர் டிரெய்லருடன்: 4.5

டிரெய்லர் பூட்டிய ஒரு டிராக்டர், கணக்கில் லாரியைவிடப் பெரியது. அறுவடை வாரத்தில் ஒரு நாளைக்குக் கூடுதலாக 20 டிராக்டர் ஓடினால், 90 கார் கூடுதலாக ஓடியதற்குச் சமம். அதே இடத்தில் 20 பைக் கூடினால் 10 அலகுதான். ஆவணியில் மட்டும் எண்ணினால் இந்த 90 அலகு காணாமல் போகும்.

கரிசல் மண்ணில் இதன் விலை அதிகம்

கார் அலகு சாலையின் அகலத்துக்கான கணக்கு. சாலையின் கனத்தை முடிவு செய்வது பாரம் ஏற்றிய வண்டிகளின் எண்ணிக்கையும் அடிமண்ணின் வலுவும். கிராமச் சாலைகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டியும் (ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72) அறுவடைக் காலத்தில் கூடும் வண்டிகளைத் தனியாகச் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது.

நம் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். நனைந்தால் பாரம் தாங்காது. அதன் மேல் குறைந்த வண்டி எண்ணிக்கையை நம்பி மெல்லிய சாலை போட்டால், இரண்டு மூன்று அறுவடையில் விளிம்பு உடைந்து நடுவில் பள்ளம் விழும். பிறகு வண்டி வாடகை ஏறும், டயர் தேயும், மூட்டை சரியும். ஒப்பந்ததாரர் ஒழுங்காகப் போடவில்லை என்று ஊரில் பேசுவோம். அது சில இடங்களில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் விதிப்படி ஒழுங்காகப் போட்ட சாலையும், தொடக்கத்தில் எடுத்த கணக்கு குறைவாக இருந்தால் நிலைக்காது.

வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா?

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. 2019இல் வந்த அதன் மூன்றாம் கட்டத்தில் மக்கள் தொகையோடு சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகளுக்கும் மதிப்பெண் போட்டுச் சாலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம், சாலை இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை போடுவது. காலம் 2024-25 முதல் 2028-29 வரை. சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்பு என்பது தகுதி. பார்ப்பது 2011 மக்கள் தொகைக் கணக்கு.

இந்தத் திட்டத்துக்காகத் திரட்டிய சாலைகள், குடியிருப்புகள், வசதிகள் அடங்கிய வரைபடத் தரவை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2022 பிப்ரவரியில் பொதுவில் வைத்தது. கணக்கெடுத்த அரசே அதைத் திறந்து காட்டியிருப்பது நமக்கு நல்ல வாய்ப்பு. உங்கள் ஊர்ச் சந்தையோ கிட்டங்கியோ அதில் இல்லை என்றால், அந்த இடத்துக்குப் போகும் சாலைக்கு அதற்குரிய மதிப்பெண் கிடைக்காது. ஊரில் படித்த பிள்ளைகளை விட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

விபத்தை மறைக்காதீர்கள்

2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்து 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105 விபத்துகள். இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். இந்த எண்களுக்கெல்லாம் மூலம் காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்குதான். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய மென்பொருளில் இப்போது போலீசார் விபத்து நடந்த இடத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள்.

ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விபத்து இந்தக் கணக்கில் வராது. ஆபத்தான வளைவு ஆபத்தில்லாத இடமாகவே ஏட்டில் இருக்கும், வேகத்தடையும் விளக்கும் வராது. வழக்கு இல்லாமல் நஷ்ட ஈடு கேட்பதும் கஷ்டம். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர் போனால் 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்க 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. பதிவு இருந்தால்தான் அதையும் கேட்க முடியும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. உங்கள் சாலை யாருடையது என்று முதலில் கேளுங்கள். மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் ஒன்றிய அலுவலகம்.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். கேட்க வேண்டியவை: இந்தச் சாலையில் கடைசியாக வாகனக் கணக்கு எடுத்த தேதிகள் எவை? எத்தனை நாள், எத்தனை மணி நேரம் எண்ணினார்கள்? டிராக்டர் எத்தனை? அறுவடைப் பருவத்தில் தனியாக எண்ணினார்களா? 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

3. ஊரிலேயே ஒரு கணக்கு எடுங்கள். மாசியில் ஏழு நாள், பகலும் இரவும் முறை வைத்து இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். பைக், ஆட்டோ, குட்டி யானை, லாரி, டிராக்டர் என்று பிரித்து மணிவாரியாக நோட்டில் எழுதுங்கள். பாரத்தோடு போனதா, காலியாகப் போனதா என்றும் குறியுங்கள். இது அரசுக் கணக்கு ஆகாது. ஆனால் அரசுக் கணக்கை மறுபடி எடுக்கச் சொல்ல வலுவான ஆதாரம்.

4. கமிஷன் கடை பட்டியல், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, வண்டி வாடகை ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால், எந்த மாதம் எத்தனை குவிண்டால் வெளியேறியது என்று காட்டிவிடலாம்.

5. ஜனவரி 26, மார்ச் 22 கிராம சபைகள் அறுவடையை ஒட்டியே வருகின்றன. 'தை முதல் சித்திரைக்குள் ஏழு நாள் வாகனக் கணக்கு எடுக்க வேண்டும்' என்று தேதியோடு தீர்மானம் போட்டு, நகலைக் கோட்டப் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். 'சாலையை அகலப்படுத்த வேண்டும்' என்ற மனுவுக்கு நிதி இல்லை என்று பதில் வரலாம். விதிப்படி எண்ணுங்கள் என்று கேட்கும் மனுவை அப்படித் தள்ளுவது கடினம்.

6. 2027 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் குடியிருப்பு தனிப் பெயரோடு, ஒரு வீடும் விடுபடாமல் பதிவாகிறதா என்று பாருங்கள். பிறகு வரும் சாலைத் திட்டங்கள் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும்.

7. பிரதமர் திட்டச் சாலையில் குறை இருந்தால் 'மேரி சடக்' செயலியிலும், நெடுஞ்சாலைத் துறைச் சாலையில் பள்ளம் இருந்தால் 'நம்ம சாலை' செயலியிலும் படத்தோடு புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இவற்றில் முதல் இரண்டையும் அறுவடைக்கு முன்பே, கார்த்திகைக்குள் முடித்துவிடுங்கள். பதில் கைக்கு வருவதற்கும் முதல் டிராக்டர் காட்டை விட்டுக் கிளம்புவதற்கும் சரியாக இருக்கும்.